உறுதியில் ஒரு கையொப்பம், படலையில் ஒரு பிள்ளை

(கோண்டாவிலில் ஒரு சனசமூக நிலைய மண்டபத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, ஊர்ப் பெரியோரே, கதவோரம் நின்று கேட்கும் தாய்மாரே, வணக்கம்.

அழைப்பிதழில் 'குடும்பச் சட்ட விளக்கம்' என்று போட்டிருக்கிறார்கள். விவாகரத்து என்று போட்டால் ஒருவரும் வரமாட்டார்கள் என்று செயலாளர் பயந்துவிட்டார். வந்திருப்பவர்களில் பாதிப் பேர் அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

என்னிடம் வருகிறவர்களில் பலர் முதலில் ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். இரண்டு பகுதிப் பெரியவர்களும் கூடிப் பேசி, சமாதான நீதவான் முன்னிலையில் ஒப்பமிட்டது. இருவரும் மனமொத்துப் பிரிகிறார்கள், பிள்ளை தாயோடு, தகப்பன் மாதம் இவ்வளவு தருவார் என்று அதில் இருக்கும். எழுதியவரின் நல்ல மனதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் காகிதம் திருமணத்தை முடிக்காது. மாவட்ட நீதிமன்றம் மட்டுமே முடிக்கும். அதை நம்பி மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது, குற்றமும் ஆகும்.

மனமொத்துப் பிரிவது நமது பொதுச் சட்டத்தில் விவாகரத்துக்குக் காரணமே அல்ல. 1907 ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் மூன்று காரணங்களையே ஏற்கிறது: திருமணத்துக்குப் பிந்திய தகாத உறவு, தீய எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், திருமண வேளையிலேயே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. ஆகவே ஒருவர் குற்றம் சாட்ட, மற்றவர் குற்றவாளியாக நிற்க வேண்டும். சண்டையில்லாமல் பிரிய வந்த இருவர், வழக்குரையை வாசித்த பிறகு வளவில் நின்று சண்டை பிடித்ததை நான் கண்டிருக்கிறேன். இந்தச் சட்டம் மாறவேண்டும் என்பது என் கருத்து.

இங்கே ஒரு சிக்கல். நமது ஊரில் பெரும்பாலும் பெண்ணுக்குத்தான் வீடு. ஆகவே முறிவு வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்டுகிறவர் மாப்பிள்ளை. அதனால் கைவிட்டவர் அவரே என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வாழவே முடியாதபடி நடந்து ஒருவரை வெளியேற வைத்தவரையும் சட்டம் கைவிட்டவராகக் கொள்ளும். அடி வாங்கி வெளியேறிய பெண்ணுக்கும் இதே விதிதான். அவள் விவாகரத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

இனிக் காணி. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்தது, 1806 இல் ஆங்கிலேயர் சட்டமாக ஏற்றது. அதன்படி சீதனம் பெண்ணின் தனிச் சொத்து. கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் கட்டளைச் சட்டத்தின்படி, திருமணம் நிலைத்திருக்கும் வரை, அவள் தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அவன் தன் முதுசக் காணியை, அதாவது பரம்பரையாக வந்த காணியை, விற்க அவள் சம்மதம் வேண்டியதில்லை! கணவன் போன இடம் தெரியாது. பிள்ளையின் படிப்புக்கு இரண்டு பரப்புக் காணியை விற்க, உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனால், அவரின் கையொப்பம் எங்கே என்று கேட்கிறார். பலர் அங்கேயே திரும்பி விடுகிறார்கள். திரும்பவேண்டாம். கணவன் கைவிட்டிருந்தாலோ, இடம் தெரியாமல் போயிருந்தாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாகக் கட்டளை தரலாம். அதே சட்டத்திலேயே அந்த வழியும் எழுதியிருக்கிறது.

முன்வரிசை ஐயா ஒருவர் சற்று முன் காதில் கேட்டார், மகளுக்கு எழுதிய சீதனத்தைத் தன் பெயருக்குத் திருப்பலாமா என்று. முடியாது ஐயா. எழுதிக் கொடுத்தது அவளுடையது.

பிள்ளைக்கு வருவோம். திருமணம் நிலைத்திருக்கையில் தகப்பனே இயற்கைப் பாதுகாவலர் என்பது நமது பொதுச் சட்டத்தின் அடிப்படையான ரோமன்-டச்சுச் சட்டம். அதைக் கேட்டுவிட்டு, பிள்ளை எனக்குத்தான் என்று வருகிற தகப்பன்மார் உண்டு. பெண்ணைப் பெற்றவர்களோ, பால்குடிப் பிள்ளையை யார் பிரிப்பது என்பார்கள். நீதிமன்றம் பார்ப்பது பிள்ளையின் நலனை. மிகச் சிறு பிள்ளைகள் பெரும்பாலும் தாயிடம் விடப்படுவது உண்மைதான், ஆனாலும் அது தாய்க்குக் கிடைத்த வெற்றி அல்ல. சூழ்நிலை மாறினால் கட்டளையையும் மாற்றலாம்.

தாபரிப்பு, அதாவது பராமரிப்புக் காசு, வேறு கதவு. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். பதினெட்டு வயது வரையான பிள்ளைக்கும், தன்னைத் தானே பராமரிக்க முடியாத 18 முதல் 25 வயது வரையானவருக்கும் அது உண்டு. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் உண்டு. "காசு தராதவனுக்குப் பிள்ளையைக் காட்டமாட்டேன்", "பிள்ளையைக் காட்டாதவளுக்குக் காசு தரமாட்டேன்" என்ற இரண்டு வசனங்களும் நீதிமன்றத்தில் எடுபடாது. காசும் சந்திப்பும் இரண்டும் பிள்ளையின் பாக்கிகள். ஒன்றுக்கு மற்றதை ஈடு வைக்க முடியாது.

வெளிநாட்டில் வாழும் நமது குடும்பங்களுக்கும் ஒரு சொல். நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பமாக வருகிறார்கள், முறுகல் வருகிறது, ஒருவர் பிள்ளையோடு இங்கேயே நின்றுவிடுகிறார். ஊர் நம்முடையது, பாஸ்போர்ட் கையில் இருக்கிறது, இனி என்ன என்று நினைக்கிறார். சர்வதேசச் சிறுவர் கடத்தல் பற்றிய 1980 ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இலங்கை 2001 இல் இணைந்தது. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை வழமையாக வாழ்ந்த நாட்டின் நீதிமன்றமே கட்டுக்காவலை, அதாவது பிள்ளை யாரிடம் இருப்பது என்பதை, முடிவு செய்யட்டும் என்று, உடன்படிக்கை நடைமுறையில் இருக்கும் நாடுகளுக்கிடையில், பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கட்டளை வரலாம். உண்மையில் அச்சுறுத்தல் இருந்தால், அதை உடனே சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். ஒளித்து வைப்பது உங்கள் பக்கத்தைத்தான் கெடுக்கும்.

கடைசியாக, பலர் தவற விடும் ஒன்று. பார்க்கும் உரிமை என்று பொதுவாக எழுதிய கட்டளைகள்தான் அதிகம் முறிகின்றன. ஞாயிறு எத்தனை மணிக்கு, எந்தப் படலையில் கையளிப்பது, பள்ளி விடுமுறையில் எத்தனை நாள், பொங்கல் யாரிடம், தீபாவளி யாரிடம், கோவில் தேருக்கு அம்மம்மாவோடா அப்பம்மாவோடா, தொலைபேசி எந்த நேரம்? சிரிக்கிறீர்கள். படலையில் நின்று பத்து வயதுப் பிள்ளை இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கண்டவர்கள் சிரிக்கமாட்டார்கள். அடுத்த தவணைக்குப் போகும்போது இவற்றை ஒரு தாளில் எழுதி உங்கள் சட்டத்தரணியிடம் கொடுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். பிள்ளைக்கு ஆபத்தென்றால் 1929 க்கு அழையுங்கள். இனிக் கேள்விகள், கதவோரத்திலிருந்து தொடங்குவோம்.