ஃபைல் இருக்கு, ப்ராஜெக்ட்ல இல்ல: சிமேக் ஜெனரேட் பண்றதுல வர்ற பிழைகள்

[திரை: விஷுவல் ஸ்டுடியோ எரர் லிஸ்ட்]

சிமேக்னா, விஷுவல் ஸ்டுடியோ மாதிரி டூல்களுக்கான ப்ராஜெக்ட் ஃபைல்களை எழுதிக் கொடுக்கிற டூல். அப்படி எழுதின ஒரு சி++ ப்ராஜெக்ட்ல பார்சர்.சிபிபி-னு புதுசா ஒரு ஃபைல் சேர்த்தாச்சு. பில்ட் கொடுத்தா எல்என்கே2019, அன்ரிசால்வ்ட் எக்ஸ்டர்னல் சிம்பல், அதாவது கூப்பிடுற ஃபங்ஷனோட கோடு லிங்கருக்குக் கிடைக்கல. கோடு சரி, ஹெடர் சரி. சொல்யூஷன் எக்ஸ்ப்ளோரர்ல மட்டும் அந்த ஃபைலையே காணோம்.

உடனே ரைட் கிளிக் பண்ணி 'ஆட் எக்ஸிஸ்டிங் ஐட்டம்' போயிடாதீங்க. அது விசிஎக்ஸ்ப்ரோஜ், அதாவது விஷுவல் ஸ்டுடியோ ப்ராஜெக்ட் ஃபைலைத்தான் மாத்தும். சிமேக் அடுத்த தடவை ஓடும்போது அதே ஃபைலை மறுபடி எழுதும், நீங்க சேர்த்தது போயிடும்.

[திரை: கான்ஃபிகர் → ஜெனரேட் → பில்ட்]

கான்ஃபிகர்ல நாம எழுதின சிமேக்லிஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி ஸ்கிரிப்ட் வரிவரியா ஓடும். ஜெனரேட்ல ப்ராஜெக்ட் ஃபைல் எழுதப்படும். பில்ட் அதுக்கு அப்புறம். பிழை எந்தக் கட்டத்துல நுழைஞ்சதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

நம்ம கேஸ்ல கான்ஃபிகர்தான். சோர்ஸ் லிஸ்ட்டை ஃபைல்(க்ளோப்) வச்சு, அதாவது ஃபோல்டர்ல பேர் பொருந்துற எல்லா ஃபைலையும் அள்ளி எடுத்திருக்காங்க. க்ளோப் ஃபோல்டரைப் பார்க்கிறது கான்ஃபிகர் ஓடுற நேரத்துல மட்டும்தான். சொல்யூஷன்ல ஜீரோ_செக்னு ஒரு ப்ராஜெக்ட் இருக்கும். சிமேக்லிஸ்ட்ஸ் மாறியிருந்தா அது சிமேக்கைத் திரும்ப ஓட்டும். புது சிபிபி வந்ததால சிமேக்லிஸ்ட்ஸ் மாறலையே, அதனால அது சும்மா இருந்திடும். ஃபைலை அழிச்சா இதுக்கு நேர்மாறு: ப்ராஜெக்ட் பழைய பேரையே தேடும், ஃபைலைத் திறக்க முடியலன்னு சி1083 வரும்.

தீர்வு: டார்கெட்_சோர்ஸஸ்ல ஒவ்வொரு பேரா எழுதுங்க. ஃபைல் சேர்க்கிற கமிட்லயே சிமேக்லிஸ்ட்ஸும் மாறும். கிட் புல் பண்ற எல்லார்கிட்டயும் ஜீரோ_செக் தானா எழுந்துக்கும். க்ளோப்தான் வேணும்னா 3.12-லிருந்து கான்ஃபிகர்_டிபென்ட்ஸ் இருக்கு. ஆனா ஒவ்வொரு பில்டுக்கும் ஃபோல்டரைத் துழாவும், எல்லா ஜெனரேட்டர்லயும் (விஷுவல் ஸ்டுடியோ, எக்ஸ்கோட்னு எதுக்கு ஃபைல் எழுதணும்ங்கிற தேர்வு) வேலை செய்யும்னு உத்தரவாதமும் கிடையாது.

[திரை: இஃப்(சிமேக்_பில்ட்_டைப் ஸ்ட்ரீக்வல் "டீபக்")]

அடுத்தது, நின்ஜாங்கிற பில்ட் டூல்ல சரியா ஓடி விஷுவல் ஸ்டுடியோல காணாமப் போற டீபக் மேக்ரோ. திரையில இருக்கிற இஃப்புக்குள்ளதான் அதைச் சேர்த்திருக்காங்க. விஷுவல் ஸ்டுடியோவும் ஆப்பிளோட எக்ஸ்கோடும் மல்டி-கான்ஃபிக். டீபக், ரிலீஸ் எல்லாம் ஒரே ப்ராஜெக்ட் ஃபைல்ல இருக்கும். எது வேணும்னு பில்ட் நேரத்துலதான் முடிவாகும். அங்க சிமேக்_பில்ட்_டைப்புக்கு வேலையே இல்ல. இஃப்பைத் தூக்கிட்டு, டார்கெட்_கம்பைல்_டெஃபினிஷன்ஸ்ல $<$<கான்ஃபிக்:டீபக்>:ட்ரேஸ்_ஆன்> போடுங்க. இது ஜெனரேட் கட்டத்துலதான் விரியும். அதனால மெசேஜ்ல அச்சடிச்சா டாலர் குறியோட அப்படியே வரும், பயப்படாதீங்க. விரிஞ்ச மதிப்பு வேணும்னா ஃபைல்(ஜெனரேட்) வச்சு எழுதிப் பாருங்க. அவுட்புட் பேர்லயும் $<கான்ஃபிக்> இருக்கணும். இல்லன்னா வேற வேற உள்ளடக்கம் ஒரே ஃபைலுக்குப் போகப் பார்க்கும், சிமேக் எரர் கொடுத்து நின்னுடும்.

[திரை: எக்ஸ்கோட் ஜெனரேட்டரோட எரர்]

ரொம்பத் தலைவலி கொடுக்கிறது இதுதான். ஆட்_கஸ்டம்_கமாண்ட் ஒரு ஜென்.சிபிபி-யை உருவாக்குது, அதை ரெண்டு டார்கெட் (பில்ட் பண்ற ப்ரோகிராம், லைப்ரரி மாதிரி) சோர்ஸா வச்சிருக்கு. சிமேக் அந்த கமாண்டை ரெண்டு ப்ராஜெக்ட்லயும் எழுதிடும். பேரலல் பில்டுல ரெண்டும் ஒரே நேரத்துல அதே ஃபைலை எழுதும். சில நாள் ஓடும், சில நாள் பாதி எழுதின ஃபைலை கம்பைலர் படிச்சு உடையும். எக்ஸ்கோடோட புது பில்ட் சிஸ்டத்துக்கு ஜெனரேட் பண்ணும்போது சிமேக் இதை முன்னாடியே எரர்னு நிறுத்திடும். நல்லதுதான்.

ஜென்.சிபிபி-யை டிபென்ட்ஸா வச்சு ஒரு ஆட்_கஸ்டம்_டார்கெட் உருவாக்குங்க. ரெண்டு டார்கெட்டையும் ஆட்_டிபென்டன்சீஸ் மூலமா அதோட கட்டிடுங்க. இன்னும் சுத்தமா வேணும்னா, ஜென்.சிபிபி-யை ஒரு ஸ்டாடிக் லைப்ரரில போட்டு ரெண்டும் அதை லிங்க் பண்ணட்டும்.

[திரை: சிமேக்கேஷ்.டிஎக்ஸ்டி]

செட் கேஷ்ல டிஃபால்ட்டை மாத்தியும் பழைய மதிப்பே வந்தா, குற்றவாளி கேஷ், அதாவது போன தடவை மதிப்புகளைச் சிமேக் சேமிச்சு வச்ச ஃபைல். 3.24-லிருந்து --ஃப்ரெஷ் கொடுத்தா போதும், பில்ட் ஃபோல்டரை அழிக்க வேண்டாம். முன்னாடி கமாண்ட் லைன்ல -டி போட்டுக் கொடுத்த மதிப்புகளும் சேர்ந்தே போயிடும், அதையெல்லாம் திரும்பக் கொடுங்க.