சனிக்கிழமை இரவிலிருந்து 72 மணி நேரம்

(சேலத்தில் பெற்றோர், இளைஞர் கூட்டம் ஒன்றில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். இந்த ஊரில் 19 வருஷம் எச்.ஐ.வி. ஆலோசகராக இருந்தவள் நான். இன்றைக்கு ஒரு தம்பியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை. பற்றவைத்துப் பற்றவைத்து விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தான். முதலில் காய்ச்சல் என்றான், அப்புறம் வயிற்று வலி என்றான். இருபது நிமிஷம் கழித்துத்தான், "அக்கா, சனிக்கிழமை ராத்திரி ஏற்காடு போனேன்" என்றான்.

நாலு ஆண்கள், ஒரு ரூம். முதலில் பிராந்தி. பிறகு யாரோ மெத் கொண்டு வந்திருக்கிறார்கள், அதுதான் மெத்தம்பெட்டமைன் என்ற போதைப்பொருள். ஆணுறை பையிலேயே இருந்திருக்கிறது, யாரும் பிரிக்கவில்லை. பதினொரு மணி வாக்கில் நடந்தது என்றான். திங்கட்கிழமையே ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறான். அங்கே அவனிடம் கேட்டது, "கல்யாணம் ஆச்சா? உனக்கு எதுக்கு இந்தப் பழக்கம்?" எழுந்து வந்துவிட்டான். செவ்வாய் முழுக்க வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறான்.

எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் தடுப்பு மாத்திரை உண்டு. பெப் என்பார்கள். 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். நான் விரல் விட்டு எண்ணினேன். 83 மணி நேரம். செவ்வாய் ராத்திரியோடு நேரம் முடிந்திருந்தது. அன்றைக்கு எடுத்த பரிசோதனையில் ஒன்றும் இல்லை. மூன்று மாதம் கழித்து எடுத்ததில் இருந்தது.

அந்த இரண்டு நாளை அவனிடமிருந்து பறித்தது வெட்கம். அந்த வெட்கத்தை அவனுக்குக் கொடுத்தவர்கள் நாம். இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

ஏன் போதை என்று கேட்கிறீர்கள். பிறந்ததிலிருந்து "நீ தப்பு" என்று கேட்டு வளர்ந்த பையனுக்கு, நாலு மணி நேரமாவது அந்தக் குரல் அடங்கினால் போதும் என்று இருக்கும். மெத் அதைச் செய்கிறது. கூடவே தூக்கம், பசி, வலி மூன்றையும் மறக்கடிக்கிறது. வலி தெரியாததால் மணிக்கணக்கில் போகும், உள்ளே கிழிந்து ரத்தம் கசிவதும் தெரியாது. கிருமிக்கு அந்தக் கீறல் போதும். ஊசியில் ஏற்றிக்கொண்டு அதைப் பகிர்ந்தால் கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்து வரும். இன்னொன்று, நினைவில்லாமல் கிடப்பவன் சம்மதம் சொல்ல முடியாது. காலையில் என்ன நடந்தது என்றே தெரியாமல் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தம்பிகளா, வழவழப்புக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். ரப்பர் ஆணுறை எண்ணெய் பட்டால் பிய்ந்துவிடும், தண்ணீர் கலந்த ஜெல் வாங்குங்கள். பாப்பர்ஸ் என்று மோந்து பார்க்கும் பாட்டிலோடு வயாகரா சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழும், உயிரே போகலாம். சிபிலிஸ் என்று ஒரு பால்வினை நோய். அதன் புண் வலிக்காது, தானே ஆறியும் விடும், ஆனால் நோய் உள்ளேயே இருக்கும். அதனால் வலி இல்லை என்று இருந்துவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் பென்சிலின் ஊசியில் சரியாகிவிடும்.

அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். 2017 எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவும் முடியாது, முடிவை வெளியே சொல்லவும் முடியாது. எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குப் போன் செய்தும் கேட்கலாம். ஆணும் ஆணும் விரும்புவது குற்றம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் சொல்லிவிட்டது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில், ஒருவரை ஒருவர் விரும்பிய இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுப் போட்ட வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இது புரியவில்லை என்று ஒரு மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். 'மாற்றுகிறேன்' என்று சிகிச்சை கொடுப்பதையும் தடை செய்தார். அவ்வளவு பெரிய நாற்காலியில் இருப்பவர் கேட்டுக்கொள்ளலாம் என்றால், பெற்றோர் நாம் கேட்டுக்கொள்ளக் கூடாதா?

அந்தத் தம்பி இன்றைக்கும் பட்டறையில்தான் இருக்கிறான். தினமும் மாத்திரை சாப்பிடுகிறான். ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நிற்கிறது. அந்த நிலையில் உடலுறவு வழியாக அடுத்தவருக்குத் தொற்றாது. இது அறிவியல், ஆறுதலுக்குச் சொல்லவில்லை. போதையை விடுவதற்கு அவனுக்கு இன்னும் நாள் பிடித்தது. இரண்டு தடவை மறுபடி விழுந்தான், இரண்டு தடவையும் என்னிடம் வந்தான்.

ரூமில் ஒருவன் எழுப்பினால் எழாமல் குறட்டை விட்டால் தூங்குகிறான் என்று விட்டுவிடாதீர்கள். பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள், உடனே 108-க்குக் கூப்பிடுங்கள். என்ன எடுத்தான் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். போலீஸுக்குப் பயந்து யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, வண்டி ஏறி வர நேரம் ஆகும்.

கூட்டம் முடிந்ததும் நான் பின்பக்கம் டீ வைத்திருக்கிற மேஜை அருகே நிற்பேன். பேர் சொல்ல வேண்டாம். எத்தனை மணி நேரம் ஆச்சு என்று மட்டும் சொல்லுங்கள்.