வாந்தி நின்ற பிறகு

வணக்கம். நாளைக்கு வார்டில் நிற்கப்போகும் செவிலியர் மாணவர்கள் நீங்கள். அதனால் கதிர்வீச்சைப் பற்றி ஒரு நோயாளியின் படுக்கைப் பக்கமிருந்தே பேசுகிறேன்.

1999 செப்டம்பர் 30. ஜப்பானில் டோக்கைமுரா என்ற ஊர், அங்கே ஓர் அணு எரிபொருள் ஆலை. முறைப்படி செய்தால் நேரமாகும் என்று யுரேனியக் கரைசலை ஸ்டீல் வாளியில் எடுத்துத் தொட்டியில் ஊற்றினார்கள். 2.4 கிலோ யுரேனியம்தான் வரம்பு. உள்ளே போனதோ சுமார் 16 கிலோ. அணுக்கள் பிளக்கும் தொடர்வினை தொடங்கியது, கதிர் பாய்ந்தது, நீல ஒளி பளிச்சிட்டது. தொட்டியை ஒட்டி நின்றவருக்குச் சில நிமிடங்களில் வாந்தி, மயக்கம்.

மருத்துவமனைக்கு வந்தபோது அவர் தெளிவாகப் பேசினார். முகம் சற்றுச் சிவந்திருந்தது, வலது கை வீங்கியிருந்தது. பிழைத்துவிடுவார் என்றே பார்த்தவர்களுக்குத் தோன்றியது.

இங்கேதான் ஏமாந்துபோகிறோம். கதிர் டிஎன்ஏவை அறுத்தாலும் அந்தச் செல் பெரும்பாலும் உடனே சாகாது. தன் வேலையைப் பார்த்துக்கொண்டேயிருக்கும், ஆனால் புதுச் செல்லைப் பெற்றெடுக்காது. குடலின் உள்சுவர் சில நாளுக்கொருமுறை புதுப்பிக்கப்படுவது. தோலுக்குச் சில வாரம். பழையது உதிரும்வரை ஆள் நன்றாகத்தான் இருப்பார். விதிவிலக்கு நிணச்செல்கள், அதாவது வெள்ளணுக்களில் ஒரு வகை. அவை ஓரிரு நாளிலேயே சரியும். ஆகவே முகத்தைப் பார்க்காதீர்கள், ரத்த எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தாலும் வாங்கிய கதிரின் அளவு அதிகம் என்று பொருள். (பயத்திலும் வாந்தி வரும், அதையும் மறக்காதீர்கள்.)

உடல் வாங்கிய கதிரை கிரே என்ற அலகில் அளப்போம். சிகிச்சையில்லாவிட்டால் சுமார் 4 கிரேயே பாதிப்பேரைக் கொன்றுவிடும். இவர் வாங்கியது 16 முதல் 20 கிரேக்குச் சமம். எலும்பு மஜ்ஜைச் செல்லை நுண்ணோக்கியில் பார்த்தபோது குரோமோசோம்கள் துண்டுதுண்டாகக் கிடந்தன. சகோதரி தந்த ஸ்டெம் செல்கள் (ரத்த அணுக்களைப் பெற்றெடுக்கும் தாய்ச்செல்கள்) பிடித்துக்கொண்டன, வெள்ளணுக்களும் ஏறின. ஆனால் தோலையும் குடலையும் யார் தானம் கொடுப்பது? மருத்துவ டேப்பைப் பிரித்தால் தோலும் சேர்ந்து வந்தது. 83ஆம் நாள் இறந்தார். இதயத் தசை மட்டும் அதிகம் சிதையாமல் இருந்தது. அந்தச் செல்கள் பெரும்பாலும் பிரிவதில்லை அல்லவா?

அன்று கதிர் பட்டவர்கள் இன்னும் இருவர். வாளியிலிருந்து ஊற்றியவர் அடுத்த ஏப்ரலில் இறந்தார். மூன்றாமவர் சுவருக்கு அப்பால் இருந்தார், அளவு 4.5 கிரேக்குள். தனி அறை, வெள்ளணுவைத் தூண்டும் மருந்து, தொற்று அண்டாத கவனிப்பு. மஜ்ஜை மெல்ல மீண்டது, டிசம்பரிலேயே வீடு திரும்பினார். உங்கள் கைக்கு அதிக வேலை இந்த அளவில்தான்.

அப்புறம், வெளியிலிருந்து காமாக் கதிர் மட்டும் பட்டவரைத் தொட்டால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. உடையில், உடம்பில் கதிரியக்கத் தூசி ஒட்டியிருந்தால்தான் கவலை. உடையைக் கழற்றிப் பையில் கட்டுங்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பெரும்பகுதி போய்விடும். உயிர் ஊசலாடுகிறதா? முதலில் உயிரைப் பாருங்கள், தூசி பிறகு.