ஃபென்ஸ்: தலை இழந்த ஒரு சொல்

அன்பு நண்பர்களே, ஃபென்ஸ் என்றால் வேலி. ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் தெரியும். யாரையோ உள்ளே விடாமல் தடுப்பதுதான் அதன் வேலை என்று நினைக்கிறோம். ஆனால் பிறந்தபோது அந்தச் சொல்லுக்குக் காப்பு என்றுதான் பொருள்.

டிஃபென்ஸ் என்ற சொல்லின் தலை போனால் மிஞ்சுவது ஃபென்ஸ். பிரெஞ்சு வழியாக வந்த சொல் ஆங்கிலேயர் வாயில் முதல் அசை தேய்ந்து, 14ஆம் நூற்றாண்டில் ‘தற்காத்தல்’ என்ற பொருளில் வழங்கியது. வேலி என்ற பொருள் அடுத்த நூற்றாண்டில்தான் எழுத்தில் தென்படுகிறது. ஸ்போர்ட் என்பதும் டிஸ்போர்ட் என்பதிலிருந்து இப்படித் தேய்ந்ததுதான். இன்னும் ஆழமாகப் போனால் லத்தீனில் டிஃபெண்டெரே: அடித்து அப்பால் தள்ளுவது. ஆஃபென்ஸும் அதே வேரில் முளைத்தது. தாக்குதலும் காத்தலும் ஒரு தாய் மக்கள்!

இது தெரிந்தால் மற்ற பொருள்கள் தாமாகவே விளங்கும். வாள்வீச்சுக்கு ஏன் ஃபென்சிங் என்று பெயர்? எதிராளியின் வாளிலிருந்து உடலைக் காக்கும் கலை அது. திருட்டுப் பொருளை வாங்கி விற்பவரையும் ஃபென்ஸ் என்பார்கள். ரகசியத்தின் காப்பில் நடக்கும் வியாபாரம் என்பதால் வந்த பெயர் என்கிறார்கள். எந்தப் பக்கமும் சேராதவரை வேலிமேல் உட்கார்ந்திருப்பதாக ஆங்கிலத்தில் சொல்வார்கள், நம் மதில்மேல் பூனை மாதிரி.

எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பழைய வனச் சட்டத்தில் ‘ஃபென்ஸ் மாதம்’ என்று ஒன்று இருந்தது. நடுக்கோடைக்கு முன்னே 15 நாள், பின்னே 15 நாள். மான்கள் குட்டி போடும் காலம். அப்போது வேட்டை கூடாது. கம்பம் இல்லை, கம்பி இல்லை. நாட்களாலேயே கட்டிய வேலி! காப்பு என்ற பழைய பொருள் கலப்பில்லாமல் நிற்பது இங்கேதான்.

சரி, யாருக்குக் காப்பு? வேலியைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கவேண்டிய கேள்வி இது. ஆங்கிலேயப் பொதுச் சட்டப்படி, மாடு அடுத்தவர் பயிரை மேய்ந்தால் மாட்டுக்காரர்தான் பொறுப்பு. அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில் வழக்கம் தலைகீழ்: மாடு திரியும், பயிர் வேண்டுமானால் நீயே வேலி போட்டுக்கொள். 1874இல் இல்லினாயைச் சேர்ந்த ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். மலிவாக எவ்வளவு நிலத்தையும் வளைக்கலாம் என்றானது. பெரும் பண்ணைக்காரர்கள் பொது நிலத்தையும் நீர்நிலைகளையும் சாலைகளையும் சேர்த்தே வளைத்தார்கள். 1883இல் டெக்சாஸில் வறட்சி. தண்ணீருக்கு வழியில்லாத மாட்டுக்காரர்கள் இரவோடு இரவாக முள்கம்பியை வெட்டிப் போட்டார்கள்.

பயிர் மேய்கிற வேலியைப் பற்றி நம்மிடம் பழமொழியே இருக்கிறது. அங்கே வேலி நிலத்தையே மேய்ந்தது. 1884இல் டெக்சாஸ் சட்டமன்றம் வேலி வெட்டுவதைக் கடுங்குற்றமாக்கியது. ஆனால் அதோடு நிற்கவில்லை. பொது நிலத்தைத் தெரிந்தே வளைப்பதும் குற்றம், போட்ட வேலியை ஆறு மாதத்துக்குள் பிடுங்கவேண்டும் என்றது. அப்புறம், பொதுச்சாலைக்குக் குறுக்கே வேலி போட்டவர்கள் மூன்று மைலுக்கு ஒரு கேட் வைத்து, அதைப் பழுதில்லாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும் என்றது.