உதை குறைந்த இலக்குத் துவக்குக்கு எந்தக் கலிபர்? – முள்ளியவளை அக்காவின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்தக் கிழமை வந்த கேள்விகளில் இதை முதலில் எடுக்கிறேன். முள்ளியவளையில் இருந்து ஒரு அக்கா குரல்பதிவு அனுப்பியிருக்கிறார். அவருடைய அண்ணாவின் மகள் சுவிஸில் இருக்கிறா, பத்தொன்பது வயது. அங்கே ஊருக்கு ஊர் 300 மீற்றர் இலக்குச் சுடும் திடல் இருக்கிறது. பிள்ளையும் ஒரு கழகத்தில் சேர்ந்து பழகுகிறா. கழகத்தில் கொடுத்த பழைய 7.5 மில்லிமீற்றர் துவக்கு உதைத்து உதைத்துத் தோள் கண்டிவிட்டதாம். "உதை குறைவாகவும் குறி தவறாமலும் இருக்க எந்தக் கலிபர் (குழலின் உள்விட்ட அளவு) எடுக்கலாம், மாஸ்டர்? நீங்கள் பௌதிகவியல் படிப்பிக்கிறீர்கள்தானே" என்று கேட்டிருக்கிறார்.

அக்கா, துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு எதெல்லாம் ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். இது கடதாசி இலக்கில் சுடும் விளையாட்டு. அந்த நாட்டுச் சட்டத்துக்குள், கழகத்தின் பொறுப்பில் நடப்பது. இங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். ஆகவே இதைப் பார்த்துவிட்டு இங்கே யாரும் ஒன்றும் தேட வெளிக்கிட வேண்டாம்.

சரி, உதை எங்கிருந்து வருகிறது? உயர்தரப் பிள்ளைகளுக்குத் தெரியும், உந்தக் காப்பு. சன்னமும் (ரவையில் இருந்து பறந்து போகிற தலைப்பகுதி) வெடிமருந்து வாயுவும் முன்னால் கொண்டுபோகிற உந்தம், அதாவது பாரத்தை வேகத்தால் பெருக்கியது, எவ்வளவோ, அவ்வளவு உந்தம் துவக்குக்குப் பின்னால் கிடைக்கும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லாத் துவக்கும் 5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த 7.5 மில்லிமீற்றர், சுவிஸ் படை 1911 இல் எடுத்த ரவை. சன்னம் 11 கிராமுக்குக் கொஞ்சம் மேல், வேகம் செக்கனுக்கு 780 மீற்றர். தோளுக்கு வருகிற சக்தி ஏறத்தாழ 15 யூல் (யூல் என்பது சக்தியின் அலகு). 6 மில்லிமீற்றர் பி.ஆர். (பெஞ்ச் ரெஸ்ற்) என்று ஒரு ரவை இருக்கிறது. சன்னம் 6.8 கிராம், வேகம் 860 அளவில். அதற்கு வருவது 7 யூல் அளவு, பாதிக்கும் குறைவு. பொயின்ற் 22 லோங் ரைபிள் (0.22 அங்குலக் கலிபர்ச் சின்ன ரவை) என்றால் சன்னம் 2.6 கிராம், வேகம் 325. ஒரு யூலில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

இதில் பாரத்தையும் பாருங்கள். அதே ரவைக்குத் துவக்கின் பாரத்தை இரண்டு மடங்காக்கினால் தோளுக்கு வரும் சக்தி பாதியாகும். பழைய படைத் துவக்கு 4 கிலோ அளவுதான். பிள்ளைக்கு 15 அல்ல, 20 யூலுக்குக் கிட்ட விழுந்திருக்கும். தோள் கண்டியது ஆச்சரியமில்லை.

நான் சின்னப் பெடியனாக இருக்கும்போது பெரியப்பாவோடு வயலில் பன்றிக் காவலுக்குப் போவேன். ஒருநாள் கொட்டிலில் வைத்துத் தன்னுடைய பன்னிரண்டு போர் (12-bore) துவக்கைப் பிடித்துப் பார் என்று தந்தார். மூன்று கிலோத் துவக்கு, 30 யூலுக்கு மேல் உதைக்கும். முதல் வெடியில் தோள் போய்விட்டது என்றே நினைத்தேன். இரண்டாவது வெடிக்கு விசையைத் தொட முதலே கண் மூடிவிட்டது. தகரப் பேணி அசையவே இல்லை.

குறியைக் கெடுப்பது அந்தக் கண் மூடல்தான். சன்னம் குழலை விட்டு வெளியேறும் வரைக்கும் துவக்கு பின்னால் நகர்வது ஒன்றரை மில்லிமீற்றர் அளவு. தோளில் நீங்கள் உணர்கிற உதையில் பெரும்பகுதி சன்னம் போன பிறகு வருவது. ஆனால் உதை வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே இறுகிவிடும், தோள் முன்னால் தள்ளும், குழல் வாய் கீழே போகும். பெரிய கலிபரில் பழகத் தொடங்குகிற பிள்ளைக்கு இந்தப் பயம் பழக்கமாகிவிட்டால், பிறகு எடுப்பது மிகக் கஷ்டம். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்படியென்றால் 22 போதாதா? 50 மீற்றருக்கு அதைவிட நல்லது இல்லை; ஒலிம்பிக்கில் 50 மீற்றர்ப் போட்டியும் அதில்தான். போட்டி ரவையை ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழேயே செய்கிறார்கள், அதனால் ஒலி வேகத்தைக் கடக்கும்போது வருகிற குழப்பம் சன்னத்துக்கு இல்லை. ஆனால் 300 மீற்றரில் அது 5 மீற்றருக்கு மேல் விழும். 6 மில்லிமீற்றர் ஒரு மீற்றருக்கும் குறைவாகத்தான் விழும்.

விழுவதையாவது காண்குறியைத் திருகிச் சரிப்படுத்தலாம். காற்று நிமிடத்துக்கு நிமிடம் மாறும். இரணைமடுக் குளக்கட்டால் சோளகத்துக்கு எதிராகச் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும், நிமிர்ந்திருந்தால் காற்றுப் பிடித்துவிடும், குனிந்தால் விடும். சன்னமும் அப்படித்தான். 6 மில்லிமீற்றரில் நீண்டு மெலிந்த சன்னம் போடலாம், காற்று அதை அதிகம் தள்ளாது. 300 மீற்றரில் பத்துப் புள்ளி வட்டம் 10 சென்ரிமீற்றர் அகலம் மட்டும். அங்கே இந்த வித்தியாசம் தெரியும். சுவிஸ் படையின் இப்போதைய 5.6 மில்லிமீற்றர் இன்னும் மெதுவாக உதைக்கும், 4 யூல் அளவு. கழகத்தில் அது இருந்தால் 300 மீற்றருக்குக் காசு செலவழிக்காமல் அதிலேயே பழகட்டும். சன்னம் இலேசு என்பதால் காற்றை மட்டும் கூடக் கவனிக்க வேண்டும்.

ஆகவே என் பதில்: இப்போது 22, ஒரு வருடமாவது. சன்னம் குழலுக்குள் கூடுதல் நேரம் நிற்பதால் சுட்ட பிறகும் அசையாமல் இருக்கப் பழக்கும். 300 மீற்றருக்குச் சொந்தமாக வாங்கும் நேரம் வந்தால் 6 மில்லிமீற்றர் பி.ஆர். அதைவிட வேகமான 6 மில்லிமீற்றர் ரவைகளை யாராவது புகழ்ந்தால் எடுபட வேண்டாம். மருந்து கூட எரியும், உதை கூடும், குழலும் கெதியாகத் தேயும். குழல் வாயில் பூட்டுகிற உதைகுறைப்பானையும் நம்ப வேண்டாம். சர்வதேசப் போட்டிகளில் அதற்குத் தடை. பக்கத்தில் படுத்திருப்பவரின் காதும் பாவம்.

அப்புறம் ஒரு சோதனை. பயிற்றுநரிடம் சொல்லி, வெடிக்காத பயிற்சி ரவை ஒன்றை மற்றவற்றோடு கலந்து போடச் சொல்லுங்கள், பிள்ளைக்கு எது எப்போது வரும் என்று தெரியக் கூடாது. விசை இழுத்து வெடிக்காத நேரத்தில் குழல் வாய் கீழே குனிந்தால் பயம் இன்னும் இருக்கிறது. திரும்பவும் 22 ஐ எடுத்து இரண்டு கிழமை பழகிவிட்டு, மறுபடியும் சோதிக்கட்டும்.