127 பேர் இருக்குற தீவு

வணக்கம், பாம்பன்லேர்ந்து தொண்டி வரைக்கும் இப்ப கேட்டுக்கிட்டு இருக்குற எல்லாருக்கும். கரையில வலை பொத்திக்கிட்டே கேக்குறவங்களும் இருப்பீங்க, கொஞ்சம் சத்தத்தக் கூட்டி வச்சுக்கங்க, ஏன்னா இன்னைக்கு நான் பேசப்போறது ஒரு ரத்தக்காட்டேரி சீரியல் பத்தி, ஆனா பாக்கப் பாக்க நம்ம ஊரப் பாத்த மாதிரியே இருந்துச்சு.

2021 செப்டம்பர் 24-ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸ்ல வந்த 'மிட்நைட் மாஸ்', நடுச்சாமப் பூசைன்னு சொல்லலாம். மொத்தம் 7 பாகம், நான் பாத்தது 2 தான், அதனால முடிவச் சொல்லிருவேனோன்னு பயப்படாதீங்க. எடுத்தவரு மைக் ஃபிளானகன், சின்ன வயசுல கோயில்ல பூசைக்கு உதவி செஞ்ச பையன், அது ஒவ்வொரு சீன்லயும் தெரியுது. பாகத்துக்கெல்லாம் பைபிள்லேர்ந்துதான் பேரு, முதல்ல தொடக்கநூல், அடுத்து திருப்பாடல்கள்.

கதை நடக்குறது குரோக்கெட்னு ஒரு தீவு. மீன்பிடிச்சுப் பொழைச்ச ஊரு, கடல்ல எண்ணெய் கொட்டி மீன்பாடு போயி, நஷ்டஈடுன்னு வந்த காசும் கரைஞ்சு, இளவட்டமெல்லாம் வெளியூரு போயி மிச்சம் இருக்குறது 127 பேர். நம்ம பாம்பன்ல ஒரு தெருவுலயே அத விட கூட இருப்பாங்க. அதுல ஒரு அப்பா, முதுகு வலியோட கடலுக்குப் போறவரு, அவரு மகன் குடிச்சிட்டு கார் ஓட்டி ஒரு பொண்ணு சாவுக்குக் காரணமாகி ஜெயில்ல இருந்து திரும்பி வர்றான், ஒரே வீட்ல இருந்தும் ரெண்டு பேராலயும் பேசிக்க முடியல. எனக்கு நெஞ்ச அடைச்சிருச்சு. மீன்துறையில அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போயி வெறும் வலையோட திரும்பி, டீசல் கடன நெனச்சுக்கிட்டு திண்ணையில உக்காந்திருப்பாங்களே தங்கச்சிமடத்துல, மண்டபத்துல, அதே மொகம்.

அந்த ஊருக்குப் புதுசா ஒரு சாமியார் வர்றாரு, பழைய பங்குச்சாமியாருக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிக்கிட்டு. கூடவே ஒரு பெரிய பெட்டி. 1897-ல வந்த டிராகுலா கதையிலயும் காட்டேரி மண்ணு நெறச்ச பெட்டிங்களோட கப்பல்லதான் வரும், கப்பல் கேப்டன் சுக்கான்ல கையக் கட்டிக்கிட்டு செத்துக் கெடப்பாரு. கடல் எத கொண்டாந்து கரையில விடும்னு தெரியாத பயம் நமக்கு யாரும் சொல்லித்தர வேணாம். இதுலயும் ஒரு ராத்திரி புயல் அடிக்குது, மழைக்குள்ள ஒசரமா ஒரு உருவம் தொப்பி போட்டுக்கிட்டு நிக்குது, அவ்வளவுதான் காட்டுறாங்க, விடிஞ்சு பாத்தா கரை பூரா பூனைங்க செத்துக் கெடக்குது. 1964 டிசம்பர் புயலுக்கு மறுநாள் கரை எப்படி இருந்துச்சுன்னு அப்பத்தா சொல்லக் கேட்டு வளந்தவ நான், தனுஷ்கோடியில இடிஞ்ச கோயிலுக்குள்ள நின்னவ, அந்த சீன உக்காந்து பாக்க முடியாம எந்திரிச்சுப் போயிட்டேன்.

ஒரு குறை சொல்லணும், கருவாடு காயப்போடுற, பாசி எடுக்கப் போற நம்ம பொம்பளைங்க மாதிரி ஒருத்தரும் இதுவரைக்கும் வரல, பொம்பளைங்க இல்லாம மீன்புடி ஊரு ஏது? நீளநீளமாப் பேசுறாங்கன்னும் சிலருக்குத் தோணும், எனக்கு அந்தப் பேச்சு பிடிச்சிருக்கு.

ரெண்டாவது பாகத்த அம்மாவும் கூட உக்காந்து பாத்தாங்க. ஓரியூர்ல 1693-ல கிறிஸ்தவ சாமியார் அருளானந்தர வெட்டுன எடத்து மண்ணு அவரு ரத்தம் பட்டுத்தான் செவந்துச்சுன்னு நம்புற சனம் நாம, நோவு தீரும்னு அள்ளிட்டு வருவோம், எங்க வீட்டு மாடத்துலயும் ஒரு டப்பாவுல இருக்கு. கடைசி சீன்ல பூசை நடக்குது, சக்கர நாற்காலியில இருக்குற ஒரு பொண்ணு நன்மை, அதாவது பூசையில குடுக்குற அப்பம், வாங்க வருது, சாமியார் அப்பத்த கையில வச்சுக்கிட்டு ஒரு அடி பின்னால போறாரு, எந்திரிச்சு வான்னு கூப்புடுறாரு, அது எந்திரிச்சு நடக்குது. எனக்கு ரோமம் சிலிர்த்துருச்சு, சந்தோஷத்துல இல்ல, இவ்வளவு நாளா அந்த ஊரு எதுக்காக முழங்கால் போட்டுச்சோ அதே உருவத்துலதான் கேடு உள்ள வருதுன்னு புரிஞ்சதுனால.

அம்மா சிலுவை போட்டுக்கிட்டு, கண்ணத் தொடச்சுக்கிட்டு, "பாத்தியா, கைவிடமாட்டாரு"ன்னாங்க. இது காட்டேரி கதைன்னு நான் அவங்ககிட்ட இன்னும் சொல்லல. இன்னைக்கு ராத்திரி மூணாவது பாகம் போடச் சொல்லியிருக்காங்க.