தோல் இல்லாத விலை உயர்ந்த ஷூ: சொல்றதை எப்படிச் சரிபார்க்கிறது?

கேள்வியை முதல்ல படிச்சுடறேன். "விலை அதிகமான வீகன் ஷூ பிராண்டுகள் எல்லாமே விலங்குக்கும் பூமிக்கும் தீங்கு இல்லைன்னுதான் சொல்றாங்க. வாங்குறவங்க இதை எப்படிச் சரிபார்க்கிறது? விலை கூடினா நேர்மையும் கூடுமா?"

கூடாதுங்க. விலையை வச்சு இதுல எதையுமே முடிவு பண்ண முடியாது. வீகன்ங்கிற சொல்லும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லுது: விலங்குல இருந்து எடுத்த பொருள் இதுல இல்லை. வேற எதால செஞ்சாங்க, யார் கை பட்டுச்சு, எவ்வளவு நாள் உழைக்கும், இதெல்லாம் அந்தச் சொல்லுக்குள்ள வராது.

அந்த ஒரு விஷயமாவது முழுசா உண்மையான்னு பார்த்துடுவோம். ஷூவோட மேல்பாகத்துல, அதாவது அப்பர்ல, தோல் இல்லைன்னா மட்டும் போதாது. பாதம் படுற இன்சோலுக்கு அடியில இருக்கிற அட்டை தோல் தூளை அழுத்திச் செஞ்சதா இருக்கலாம். ஓரத்துல பூசுற பூச்சுல அரக்கு, மெழுகு பாலிஷ்ல தேன்மெழுகு, உள்துணியான லைனிங்ல கம்பளி, கருப்பு நிறத்துக்கு எலும்புக் கரி, இப்படிப் பல இடத்துல விலங்குப் பொருள் நுழையும். பசை இன்னைக்குப் பெரும்பாலும் செயற்கைதான், ஆனாலும் கேட்டுடுங்க. முத்திரைகள்லயும் வித்தியாசம் இருக்கு. வீகன் சொசைட்டியோட சூரியகாந்தி முத்திரை ஒவ்வொரு பொருளாப் பதிவு பண்ணிக் கொடுக்கிறது. பீட்டா முத்திரைக்குக் கம்பெனியே கேள்விப் படிவம் நிரப்பி, உறுதிமொழியில கையெழுத்துப் போட்டுத் தருது. ரெண்டுமே தொழிலாளி சம்பளத்தைப் பத்தியோ கார்பனைப் பத்தியோ எதுவும் சொல்றதில்லை.

ஐரோப்பாவுல விக்கிற ஷூவா இருந்தா, ஜோடியில ஒரு ஷூவுலயாவது சின்னச் சின்னப் படங்களோ எழுத்தோ இருக்கும். 1994-ல வந்த ஒரு விதிப்படி அப்பர், லைனிங், அடி சோல் மூணுக்கும் தனித்தனியாப் போட்டே ஆகணும். விரிச்ச தோல் வடிவம் போட்டிருந்தா தோல். வலை மாதிரிப் பின்னல் இருந்தா துணி. வெறும் டைமண்ட் கட்டம்னா மத்த பொருள், ரப்பரும் பிளாஸ்டிக்கும் இதுக்குள்ளதான் வரும். தோல் வடிவத்துக்கு உள்ளயே ஒரு சின்ன டைமண்ட் இருந்தா அது பூச்சுப் பூசின தோல், வீகன் கிடையாது. அவசரத்துல பார்த்தா இந்த ரெண்டு டைமண்டும் குழம்பும், நின்னு பாருங்க. இன்னொண்ணு, அந்தப் பகுதியில 80 சதவீதம் எது இருக்கோ அதைச் சொன்னாலே போதும்னு விதி. மீதி 20 சதவீதத்துல என்ன இருக்குன்னு படம் காட்டாது.

இப்ப பொருளுக்கு வருவோம். அதிகமா ஏமாறுற இடம் இதுதான். அன்னாசித் தோல், ஆப்பிள் தோல், கள்ளித் தோல்னு பேர் போட்டா, பழத்தை உரிச்சுக் காயவச்சுத் தைச்ச மாதிரி மனசுல ஒரு படம் வந்துடும். நிஜத்துல என்ன நடக்குது? ஆப்பிள்னா, ஜூஸ் பிழிஞ்ச சக்கையைக் காயவச்சுத் தூளாக்கி, பாலியூரித்தேன்ங்கிற பிளாஸ்டிக் பிசின்ல கலந்து, துணி மேல ஒரு படலமாப் பூசுவாங்க. நாம ரெக்ஸின்னு சொல்றோமே, அதே குடும்பம். அதுல நிரப்புப் பொருளாப் பழச்சக்கை சேர்ந்திருக்கு. அன்னாசித் தோல்ல பினாடெக்ஸ்ங்கிற பிராண்டு கொஞ்சம் வேற மாதிரி. அதுல இலை நாருதான் பெரும்பங்கு. அதோட சோளத்துல இருந்து வர்ற பிஎல்ஏ-ங்கிற பிளாஸ்டிக்கும் சேர்த்து நெய்யாத துணியாக்கி, மேல பிசின் பூசுறாங்க. நார் நிறைய இருக்கு, சரிதான், ஆனா பிஎல்ஏ தொழிற்சாலை உரக்கிடங்குச் சூட்டுலதான் மக்கும், மேல் பூச்சு மக்கவே மக்காது. ஷூவைத் தோட்டத்துல புதைச்சா மண்ணாயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

அதனால "70 சதவீதம் தாவரம்"னு பார்த்தா, எதுல 70-ன்னு கேளுங்க. முழுப் பொருளோட எடையிலயா, மேல் பூச்சுல மட்டுமா, இல்ல மூலப்பொருள் கணக்குலயா? கூச்சி (Gucci) ஃபேஷன் நிறுவனம் 2021-ல டெமெட்ரான்னு ஒரு தோல் மாற்றுப் பொருளைக் கொண்டு வந்தப்போ, தாவர மூலப்பொருள் 77 சதவீதம் வரைக்கும்னு சொன்னாங்க. அந்த "வரைக்கும்"கிற சொல்லை விட்டுடாதீங்க, அது உச்ச அளவுதான். ஆய்வகத்துல இதைக் கார்பன்-14 வச்சு அளக்கலாம். பெட்ரோலிய கார்பன்ல அது மிச்சமே இருக்காது, செடியில இருக்கும். ஆனா இந்தச் சோதனை கார்பன் எங்க இருந்து வந்துச்சுன்னுதான் சொல்லும். சோளத்துல செஞ்ச பாலியூரித்தேனும் பாலியூரித்தேன்தான், குப்பையில அது நடந்துக்கிற விதம் மாறாது.

செயற்கைத் தோல் பிளாஸ்டிக்குகள்லயே மோசம் பிவிசி. அதை ஒதுக்கிடுங்கன்னு நேராவே சொல்றேன். வினைல் குளோரைடு புற்றுநோய் தர்ற வாயு, அதுல இருந்துதான் பிவிசி வருது. பிளாஸ்டிக்கை இளக்க தாலேட் சேர்ப்பாங்க, அரைகுறையா எரிச்சா டயாக்சின் வரும். பாலியூரித்தேன் அதைவிட மேல், ஆனா பழைய ஈர முறையில பூசினா டிஎம்எஃப்னு ஒரு கரைப்பான் வேணும். பிள்ளைப்பேற்றுக்குத் தீங்கு செய்யக்கூடிய ரசாயனம் அது. அந்த ஆபத்து முக்கியமா பூச்சு ஆலையில தினம் மூச்சு விடுறவங்களுக்குத்தான். தண்ணியில கரைச்ச பாலியூரித்தேன் பயன்படுத்துற பிராண்டா இருந்தா அதைத் தெளிவாச் சொல்லுவாங்க. சொல்லலைன்னா கேட்டு வாங்குங்க.

வேலை செய்றவங்க விஷயத்துல "மேட் இன்" முத்திரை பாதிதான் சொல்லும். அப்பரை ஒரு நாட்டுல தைச்சு, சோலை இன்னொரு நாட்டுல ஒட்டினா, பெரும்பாலும் கடைசி நாட்டோட பேர்தான் வரும். தையல்தான் ஆள் வேலை அதிகம் பிடிக்கிற கட்டம். அதனால அப்பர் தைக்கிற ஆலையோட பேரும் ஊரும் வெளியில போட்டிருக்காங்களான்னு பாருங்க. எஸ்ஏ8000-ங்கிற தொழிலாளர் நலச் சான்றிதழ் இருந்தா, அது எந்த ஆலைக்குக் கொடுத்ததுன்னு பாருங்க, பிராண்டுக்கு இல்லை.

கார்பன் கணக்குக்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கு. அமெரிக்காவுல இருக்கிற எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல ஒரு ஜோடி ஓட்ட ஷூவை அலசினாங்க. 65 பாகம், 360-க்கும் மேல வேலைப் படிகள், சுமார் 14 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதுல மூணுல ரெண்டு பங்கு ஆலையில நடக்கிற வேலையில இருந்துதான் வந்துச்சு. அதனால அப்பரை மட்டும் மாத்திட்டு "பசுமை"ன்னு சொல்றவங்ககிட்ட, ஆலை எந்த மின்சாரத்துல ஓடுதுன்னு கேட்கிறது நியாயம்தான்.

எவ்வளவு நாள் உழைக்கும்ங்கிற விஷயத்துலதான் வீகன் ஷூ ரொம்ப அடி வாங்குது. எஸ்டர் வகை பாலியூரித்தேன் சோல் ஈரக் காத்துல மெல்ல மெல்லச் சிதையும். போடாம பெட்டியில வச்சிருந்தாலும், சில வருஷத்துல எடுத்து ஒரு நடை நடந்தா கேக் மாதிரி உதிரும். ஈத்தர் வகை பாலியூரித்தேனும் ரப்பரும் ஈரத்தை நல்லாத் தாங்கும். அப்பர்ல பூச்சு கிழியுறது பெருவிரல் மடியுற கோட்டுலதான். கடையில ஷூவைக் கையில எடுத்து, அந்த இடத்தை ஒரு தடவை நல்லா மடக்கிப் பாருங்க. வெள்ளையா நுண்ணிய கோடு கோடா விழுந்து, விட்டதும் மறையலைன்னா அந்தப் பூச்சு மெல்லிசு, வளைஞ்சு கொடுக்காது. கயிறு ஓட்டை ஓரத்தையும் பாருங்க, அங்கதான் வெட்டின முகம் தெரியும். துணி மேல படலம் எவ்வளவு தடிமன்னு கண்ணுக்கே தெரியும். சோல் தைச்சதா, வெறும் பசையில ஒட்டினதான்னும் பாருங்க. தைச்சதா இருந்தா மாத்தி உழைக்க வைக்கலாம். தோல் மாதிரி எண்ணெய் போட்டு உயிர் கொடுக்க இதுல வழியே இல்லைங்கிறதால, சோல் மாத்துற வசதி இங்க இன்னும் முக்கியம்.

கடைசியா, வாங்குறதுக்கு முன்னாடி பிராண்டுக்கு ஒரு கடிதம் எழுதுங்க. அப்பர் பொருள்ல எது எத்தனை சதவீதம், எடைக் கணக்குல? நீராற்பகுப்புச் சோதனை, அதாவது 70 டிகிரி வெப்பத்துலயும் 95 சதவீத ஈரப்பதத்துலயும் வச்சுப் பார்க்கிறது, எத்தனை வாரம் தாங்குச்சு? சோல் மாத்தித் தருவீங்களா? எண்ணோட பதில் வந்தா அந்த பிராண்டை நம்பலாம். "வணிக ரகசியம்"னு வந்தாலோ, பூமி மேல இருக்கிற அக்கறையைப் பத்தி ஒரு பக்கம் வந்தாலோ, அது துணி மேல பூசின பாலியூரித்தேன்னே எடுத்துக்கிட்டு, அதுக்குரிய விலை என்னவோ அதை மட்டும் கொடுங்க.